மூலையில் ஒரு குறி

திருப்பி அனுப்புவதில் என்னை மிஞ்ச எங்கள் அலுவலகத்தில் ஆள் கிடையாது. தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் இது நடந்த சமயத்தில் பத்தொன்பது வருஷமாகப் பிரிவு எழுத்தராக இருந்தவன் நான். சங்கம் வைக்க வருகிறவர்கள் விண்ணப்பம் கொடுப்பார்கள். அதில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. தேதி போட மறந்தால் திருப்புவேன். தேதியை மட்டும் வேறு மையில் போட்டிருந்தால் அதற்கும் திருப்புவேன். ஓரத்தில் ‘திருப்பலாம்’ என்று எழுதி ஒரு சுருக்கொப்பம் போட்டால்தான் எனக்கு அன்றைக்குச் சாப்பிட்டது செரிக்கும்.

அப்படிப்பட்ட என்னிடம் வந்து மாட்டியவர்தான் மடிப்பக்கா. இல்லை, அவரிடம் நான் மாட்டினேன் என்பதுதான் சரி.

முதல் தடவை அவர் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றதும் வெளுப்புப் பொடியின் காரம் மூக்கில் ஏறியது. நாற்பது, நாற்பத்திரண்டு வயசு இருக்கும். பிளாஸ்டிக் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து வைத்தார். நாலாக மடித்திருந்தார், நான்கு மூலைகளும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. காகிதத்தோடே வாழ்கிற எனக்கே அதைப் பிரிக்க மனசு வரவில்லை. ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடம் ஒன்றில், மடிப்பு மேஜையில் பதினோரு வருஷமாக நிற்கிறாராம். அங்கே சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் மடிப்பக்காதான்.

“எதுக்கும்மா சங்கம்?” என்றேன். அதைக் கேட்க எனக்கு உரிமை கிடையாது. சும்மா இருக்க முடியாமல் வாய் கேட்டது.

“ஒரு கம்பிக்காக சார்.”

“கம்பியா?”

“இஸ்திரி உருளைன்னு ஒண்ணு இருக்கு சார், ஆள் உசரத்துக்கு. கொதிக்கக் கொதிக்கச் சுத்தும். ஈர விரிப்பை ரெண்டு பேர் முன்னாடி நின்னு அது வாயில குடுக்கணும். பின்னாடி காஞ்சு வந்து விழும், நாங்க மடிப்போம். வாய்க்கு முன்னாடி ஒரு காப்புக் கம்பி இருந்துச்சு. கை தெரியாம அதுல பட்டாலும் உருளை நின்னுடும்.”

அந்தக் கம்பி அடிக்கடி உருளையை நிறுத்துகிறது, வேலை கெடுகிறது என்று மேலாளர் அதைக் கழற்றிச் சாமான் அறையில் போட்டுவிட்டார். எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒன்பதாவது மாதம், உருளைக்கு முன்னால் இருபது வருஷம் நின்றவரின் வலது கை விரிப்போடு சேர்ந்து உள்ளே போனது. உருளையம்மா என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண்ணுக்குக் கட்டைவிரல் மட்டும்தான் மிஞ்சியது. அதற்குப் பிறகும் கம்பி சாமான் அறையிலேயே கிடந்தது. ஆய்வாளர் வந்த அன்று மட்டும் வெளியே எடுத்து மாட்டினார்கள். அவர் வண்டி வாசலைத் தாண்டியதும் கழற்றினார்கள். சலவைக்கூடத்துப் பெண்கள் கூட்டமாகப் போய்க் கேட்டதற்கு, பதிவான சங்கமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள், வழியில் போகிற கூட்டத்தோடு நான் பேசுவதில்லை என்று மேலாளர் சொல்லிவிட்டாராம். சட்டமும் அப்படித்தான் இருந்தது. பதிவான சங்கம் எழுதிக் கேட்டால் முப்பது நாளைக்குள் நிர்வாகம் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும்.

“இப்ப அந்த எடத்துல என் தங்கச்சி நிக்குறா சார்” என்றார் மடிப்பக்கா. “கொஞ்சம் சீக்கிரம் பாத்துக் குடுங்க.”

நான் கேட்டுக்கொண்டேன். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. அதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் விண்ணப்பத்தில் குறை தேடிக்கொண்டிருந்தது. கிடைத்தும் விட்டது. ‘சங்கத்தின் பதிவு முகவரி’ என்ற இடத்தில், ‘சலவைக்கூடத்தின் பின்பக்கம், துணி காயப்போடும் மூன்றாவது கொடிக்கம்பத்துக்கு அடியில்’ என்று எழுதியிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கொடிக்கம்பத்துக்குத் தபால் வருமாம்மா?”

“சாப்பாட்டு நேரத்துல நாங்க கூடுறது அங்கதான் சார். கூடுற எடம்தானே சங்கம்?”

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் விதியில் கொடிக்கம்பத்துக்கு இடமில்லை. திருப்பலாம்.

மூன்று வாரம் கழித்து வந்தார். சங்கம் என்ற பேச்சை எடுத்ததும் எந்த வீட்டுக்காரரும் தன் கதவு எண்ணைத் தரச் சம்மதிக்கவில்லையாம். கடைசியில் உருளையம்மாவின் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தார்.

“அவங்க ஒத்துக்கிட்டாங்களா?”

“அவங்களேதான் சொன்னாங்க. எந்நேரமும் வீட்டுலயே இருக்கிறது இப்ப நான் ஒருத்திதானே, தபால்காரரு வந்தா வாங்கி வைக்கிறேன்னு.”

இதை அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். எனக்குத்தான் எங்கேயோ குத்தியது. ஆனாலும் இரண்டாவது பக்கத்தைப் புரட்டினேன்.

சங்கம் பதிவாக இருபத்தைந்து பேராவது கையெழுத்திட வேண்டும். இவர்கள் இருபத்தேழு பேர் இருந்தார்கள். பெயர்ப் பட்டியலைப் படித்தேன். சோடா மாமா. பிழியுற சின்னம்மா. தலையணையுறை அண்ணி. பெரிய தொட்டி அண்ணன். குட்டைத் தொட்டி அண்ணன். இப்படியே இருபத்தேழு. பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நாங்கள் சிரித்து முடிக்கும்வரை மடிப்பக்கா காத்திருந்தார். “உள்ள எந்திரம் போடுற சத்தத்துல பேரு சொல்லிக் கூப்பிட்டா கேக்காது சார். வேலையச் சொல்லித்தான் கூப்பிடுவோம். அதான் பேருன்னு போட்டிருந்ததும் எல்லாரும் அதையே எழுதிட்டாங்க.”

திருப்பலாம், இரண்டாவது தடவை. திருப்பிய காகிதம் அலுவலக வரிசையில் நகர்ந்து அவர் கைக்குப் போக ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது, கிடைத்த நாலே நாளில் வந்துவிட்டார். பட்டியலில் உண்மையான பெயர்கள், சம்பளப் பதிவில் உள்ளபடி.

“பதினோரு வருசம் ஒண்ணா வேலை பாத்தும் இப்பத்தான் சார் ஒருத்தருக்கொருத்தர் பேரு கேட்டுக்கிட்டோம்” என்றார். “சோடா மாமா சொல்லவே மாட்டேன்னுட்டாரு. வெக்கப்படுறாரு. அவருக்கு அவ்வளவு அழகான பேரு இருக்கும்னு யாருக்குமே தெரியல. இப்பப் பொம்பளைங்க எல்லாம் வேணும்னே அதச் சொல்லிக் கூப்பிடுறாங்க, மனுசன் தொட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குறாரு.”

நான் சிரித்துவிட்டேன். இந்தமுறை அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

சிரித்த வாயோடு மூன்றாவது பக்கத்தைப் புரட்டினேன் என்பதுதான் என் லட்சணம். இருபத்தேழு பேரில் பதினோரு பேர் கைநாட்டு வைத்திருந்தார்கள். ஒன்றில்கூட ரேகை இல்லை. வெறும் மைத்திட்டு, பதினொன்றும் ஒரே மாதிரி. துணியை மையில் முக்கி ஒற்றினால் எப்படி விழுமோ, அப்படி. ‘ரேகை தெளிவில்லை. ஒரே ஆள் வைத்ததுபோல் தெரிகிறது. திருப்பலாம்’ என்று எழுதினேன். அந்த வாரமே நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கைநாட்டுகள் போலி, பதினொன்றையும் கழித்தால் மிச்சம் பதினாறுதான், ஆகவே விண்ணப்பத்தை அடியோடு நிராகரிக்க வேண்டும் என்று வக்கீல் எழுதியிருந்தார். நான் எழுதிய வார்த்தைகளே அதிலும் இருந்தன. என் குறிப்பு எப்படி வெளியே போனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

நிராகரிப்பு உத்தரவைத் தட்டச்சு செய்து பதிவாளர் அம்மாவின் மேஜைக்கு அனுப்பிவிட்டேன். அன்று மத்தியானம் மடிப்பக்கா வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கத்துவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தார். நடைபாதைக் கடையில் விற்கும் சின்னப் பதிப்பு, பக்கமெல்லாம் ஈரம் பட்டு உப்பியிருந்தது.

“நிராகரிக்கிறதுக்கு முன்னாடி எங்களைக் கூப்பிட்டுக் கேக்கணும்னு இருக்கே சார். பதினாலாவது விதி.”

அந்த விதி எனக்கும் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை என்பதால் நானும் சொன்னதில்லை.

“எட்டாவது வரைக்கும்னுதானே விண்ணப்பத்துல போட்டிருந்தீங்க? இதெல்லாம் எப்படிப் புரியுது?”

“அழுக்குத் துணி மாதிரிதான் சார். மொத தடவையில போகாது. திரும்பத் திரும்ப அலசணும்.” பிறகு குரல் இறங்கியது. “நேத்து என் தங்கச்சியோட சட்டைக் கை நுனி உள்ள மாட்டிக்கிச்சு. கிழிஞ்சதால பொழைச்சா. தையல் கெட்டியா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைச்சா எனக்குத் தூக்கமே வரல.”

அன்றைக்குத்தான் அந்தத் தங்கை எனக்கு ஓர் ஆளாகத் தெரிந்தார். மூன்று தடவை நான் திருப்பியதில் ஏறக்குறைய இரண்டரை மாதம் போயிருந்தது. இரண்டரை மாதமும் ஒரு பெண் அந்த வாய்க்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் எழுந்து பதிவாளர் அம்மாவின் அறைக்குள் போனேன். கையெழுத்துப் போடுமுன் பேனாவை இரண்டு தடவை உதறுவது அவர் பழக்கம். ஒரு தடவை உதறியிருந்தார். “அம்மா, பதினாலாவது விதிப்படி விசாரணை கேக்குறாங்க” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

விசாரணை நாளன்று எங்கள் சின்ன அறை திணறிப்போனது. ஒரு பக்கம் மேலாளரும் வக்கீலும். மறு பக்கம் மடிப்பக்காவும் அந்தப் பதினோரு பேரும், வேலை உடுப்போடு. அரை நாள் விடுப்பு கேட்டதற்கே ஆளுக்கொரு முறைப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். தங்கையும் அவர்களில் ஒருவர். அக்காவைவிட உயரம், நிற்கவே பொறுமையில்லாத ஆள். என்னைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, “இவருதானா அந்தத் திருப்பலாம் சார்?” என்று அக்காவிடம் கேட்டார்.

வக்கீல் விண்ணப்பத்தைத் தூக்கிக் காட்டினார். பதினொரு மனிதர்களுக்கு ஒரு ரேகைகூட இல்லாமலா போகும் என்று கேட்டார். கேள்வி நன்றாகத்தான் இருந்தது.

மடிப்பக்கா எழுந்தார். “அம்மா, மைப்பெட்டியும் வெள்ளைத்தாளும் கொஞ்சம் வேணும்.”

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொருவராக வந்து, எல்லோர் கண்ணெதிரிலும் கட்டைவிரலை ஒற்றினார்கள். பதினொரு திட்டு. ஒன்றில்கூட ஒரு கோடு இல்லை.

“சார், நீங்க ஒண்ணு வைங்க” என்றார் என்னிடம்.

பதிவாளர் அம்மா தலையசைத்தார். வைத்தேன். பதினொரு கறுப்புத் திட்டுகளுக்குக் கீழே என் விரல் சுழிசுழியாக, கோலம் போட்ட மாதிரி அழகாக விழுந்தது. பத்தொன்பது வருஷம் பேனாவைத் தவிர வேறெதையும் தொடாத விரல்.

“வெளுப்புப் பொடி, சோடா, அப்புறம் உருளைச் சூடு” என்றார் மடிப்பக்கா. “அஞ்சாறு வருசத்துல ரேகை போயிடும்மா. எனக்கும் கிடையாது. நான் எழுதத் தெரிஞ்சதால தப்பிச்சேன்.”

என்னால் தாளைப் பார்க்க முடியவில்லை. ‘ஒரே ஆள் வைத்ததுபோல்’ என்று எழுதிய கை என்னுடையது.

வக்கீல் அசரவில்லை. “சரி, ரேகை இல்லை. அப்படியானால் இவர்கள்தான் அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் என்று எப்படி நம்புவது? தெருவில் போகிற பதினொரு பெண்களை யார் வேண்டுமானாலும் கூட்டி வரலாமே? எங்கள் மேலாளருக்கு இவர்களில் ஒருவரையும் பெயர் சொல்லித் தெரியாது.”

“தெரியாது” என்றார் மேலாளர். உண்மையைத்தான் சொன்னார்.

அப்போதுதான் மடிப்பக்கா பிளாஸ்டிக் பையைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். சின்னச் சின்னச் சீட்டுகள், எல்லாம் நாலாக மடித்தவை. சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உருளையில் நிற்கிறவரானாலும் மடிப்பில் நிற்கிறவரானாலும், தன் கை பட்ட துணிக்கட்டின் மேலுறை மூலையில் தன் குறியை அழியாத மையால் போட வேண்டும். ஒருவருக்கு ஏணி, ஒருவருக்குக் குடை, ஒருவருக்கு மீன்முள். ஆஸ்பத்திரியிலிருந்து கறையென்று துணி திரும்பி வந்தால் மூலையைப் பார்ப்பார்கள், குறிக்கு உரியவருக்கு மெமோ போகும். மேலாளருக்குப் பெயர் தெரியாததால் மெமோவிலும் குறியைத்தான் வரைவார். திட்டு வாங்கியவர்கள் கசக்கி எறிந்ததையெல்லாம் மடிப்பக்கா வருஷக்கணக்காகப் பொறுக்கி மடித்து வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டால், கசங்கிக் கிடந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காதாம்.

பதிவாளர் அம்மா ஒரு சீட்டைப் பிரித்தார். “‘சீப்புக் குறி: போன வாரமும் கறை. கடைசி எச்சரிக்கை.’ கீழ உங்க கையெழுத்துதானே?”

“ஆமாம்மா” என்றார் மேலாளர்.

“சீப்புக் குறி யாரு?”

“இதோ, இவங்கதான்!” மேலாளர் பட்டென்று மூன்றாவதாக நின்ற அம்மாவைக் காட்டினார். “எத்தனை தடவ சொன்னாலும் ஓரத்தப் பாக்க மாட்டாங்க.”

பழக்கதோஷம். வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது. பதிவாளர் அம்மா முகத்தில் எந்த மாற்றமும் காட்டாமல் அடுத்த சீட்டைப் பிரித்தார். குடை யார், ஏணி யார் என்று வரிசையாகக் கேட்டார். மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஒன்றை அடையாளம் காட்டிவிட்டு மற்றதைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? பதினொரு பேரையும் காட்டினார். கடைசியாக மீன்முள் வந்தபோது தங்கையே கையைத் தூக்கி, “அது நான்தாங்க, அவருக்குச் செரமம் வேணாம்” என்றார். அறையே சிரித்தது. வக்கீல்கூடச் சிரித்தார்.

ஒவ்வொருவரும் விண்ணப்பத்தில் தன் மைத்திட்டுக்குப் பக்கத்தில் தன் குறியைப் போட்டார். பதிவாளர் அம்மா பேனாவை இரண்டு தடவை உதறினார்.

சான்றிதழை நான்தான் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக எதையும் எழுதியதில்லை. மடிப்பக்கா அதைக் கையில் வாங்கி மடிக்கப் போனார். “மடிக்காதீங்கம்மா, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுறதுக்கு” என்றேன். மடிக்காமல் ஒரு காகிதத்தை எப்படித் தூக்கிக்கொண்டு போவதென்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் தட்டு ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு படியிறங்கினார். மறுநாளே சங்கத்தின் முதல் கடிதம் நிர்வாகத்துக்குப் போனது. கோரிக்கை ஒன்றே ஒன்று.

பேச்சுவார்த்தைக்கு முப்பது நாளும் தேவைப்படவில்லை. சாமான் அறையிலிருந்து கம்பியை எடுத்து மாட்ட மெக்கானிக்குக் கால் மணி நேரம் ஆனதாம். அந்தக் கால் மணி நேர வேலைக்கு என் அலுவலகம் ஏறக்குறைய நாலு மாதம் எடுத்துக்கொண்டது.

மடிப்பக்கா இன்றைக்கும் அதே மேஜையில் நின்று மடிக்கிறார். சங்கச் செயலாளர் ஆனதால் அவர் வாய் ஒன்றும் குறையவில்லை. கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார் என்று சோடா மாமாவே என்னிடம் புலம்பியிருக்கிறார். “அக்கா எங்களையும் மடிச்சு அலமாரியில வெச்சிருப்பா, கால் நீளமா இருக்குன்னு விட்டுட்டா” என்பது தங்கையின் குற்றச்சாட்டு. நான் ஓய்வு பெறும்வரை அவர்களுடைய ஆண்டறிக்கை ஒவ்வொரு வருஷமும் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே, நாலாக மடித்து, என் மேஜைக்கு வந்தது. அதில் நான் ஒரு குறையும் கண்டுபிடித்ததில்லை. தேடவும் இல்லை.

ஒன்றைச் சொல்லி முடிக்க வேண்டும். கம்பி மாட்டிய வாரம், சான்றிதழின் நகலைக் கொடுக்க நானே சலவைக்கூடத்துக்குப் போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ தொழிலாளர்களின் தலையெழுத்தை ஓரத்தில் கிறுக்கியவன், ஒரு தொழிற்கூடத்துக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. உள்ளே நுழைந்ததும் சட்டை முதுகோடு ஒட்டியது. யார் என்ன பேசினாலும் கேட்கவில்லை. பெயரெல்லாம் அங்கே எப்படி மறைந்துபோகும் என்று புரிந்தது. உருளைக்கு முன்னால் தங்கை நின்றிருந்தார். கம்பிக்கு மேலே அவருடைய பத்து விரல்களும் ஈர விரிப்பின் ஓரத்தைப் பிடித்து வாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தன. நான் எண்ணினேன். பத்து.

என்னைப் பார்த்ததும் அவர் கம்பியைக் காட்டி, “தொட்டுப் பாருங்க சார்!” என்று கத்தினார்.

வலது கையை நீட்டி விரல் நுனியால் மெல்லத்தான் தொட்டேன். அவ்வளவு பெரிய உருளை டக்கென்று நின்றது. கூடமே அமைதியாகிவிட்டது.

மடிப்பு மேஜையிலிருந்து ஒரு குரல் கேட்டது: “யாருடி நிறுத்துனது?”

“திருப்பலாம் சாரு!” என்றார் தங்கை.

“அவருக்கு அதானே வேலை!” என்று தொட்டிப் பக்கமிருந்து சோடா மாமா குரல் கொடுத்தார். சிரிப்பு கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை போனது. நானும் சிரித்தேன், ஆனால் கண் நிறைந்துவிட்டது. மறைக்க முடியவில்லை.

மடிப்பக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். நின்றுபோன உருளையைப் பார்த்தார், தங்கையின் கையைப் பார்த்தார்.

“இந்தத் தடவ நீங்க நிறுத்துனது சரிதான் சார்” என்றார்.